வேலை பெருக வேண்டுமானால் சங்கமும் வளர வேண்டும்

நாட்டில் வேலைவாய்ப்பு வளர்கிறதா என்று கேட்டால், மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு முதல் பார்வைக்கு நல்ல பதிலையே தருகிறது. 2017-18-இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24-இல் 3.2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அதே காலத்தில், உழைப்போரில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 சதவீதமாக ஏறியது. முறையான சம்பளம் பெறுவோரின் பங்கு 22.8 சதவீதத்திலிருந்து 21.7 சதவீதமாக இறங்கியது. குடும்பத்தின் வயலிலும் கடையிலும் கூலியில்லாமல் உழைக்கும் பெண்களும் சுயதொழில் கணக்கில்தான் வருகிறார்கள். வேலை செய்யும் கைகள் கூடின. சம்பளம் வாங்கும் கைகளின் பங்கு கூடவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதில் தொழிற்சங்கங்களுக்கு இருக்கும் பங்கை நம் பொருளாதார விவாதங்கள் கண்டுகொள்வதே இல்லை. சங்கம் தானாக வேலையை உருவாக்குவதில்லை. கிடைக்கிற வேலை பிழைப்பாக மாறுமா, அந்தக் கூலி ஊர்க் கடைவீதிக்கு வந்து இன்னொருவருக்கு வேலை தருமா என்பதைத் தீர்மானிக்கும் சக்தி அதற்கு உண்டு.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சாட்சி. கல்குவாரிகளில் ஜல்லி உடைத்த பெண்களுக்கு இங்கே வேலை இல்லாமல் இருந்ததில்லை. பேரம் பேசும் பலம்தான் இருந்ததில்லை. காண்ட்ராக்டரிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுண்டு, அவர் சொன்ன அளவே அளவு, கொடுத்ததே கூலி என்று கிடந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் மாவட்டமெங்கும் பரவியிருந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார். எழுத்தும் கணக்கும் அப்போதுதான் கற்ற ஏழைப் பெண்கள் குத்தகைதாரர் ஆனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நாடறியச் செய்தார். பாறையும் சம்மட்டியும் மாறவில்லை. உழைப்பின் பலன் யார் கைக்குப் போகிறது என்பது மாறியது. அதனால் வருமானமும் மாறியது. அந்தக் குழுக்கள் சட்டப்படி தொழிற்சங்கங்கள் அல்லதான். ஆனால் தனித்தனியாகப் பேரம் பேச முடியாதவர்கள் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதை அவை காட்டின.

அந்த முயற்சியின் பலவீனமும் நமக்கு ஒரு பாடம்தான். நல்ல அதிகாரி ஒருவரின் ஆணையால் வந்த உரிமைக்கு, அடுத்து வரும் நிர்வாகத்தின் மனநிலையே ஆயுளைத் தீர்மானிக்கிறது. கட்டடத் தொழிலாளர்களின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சித்தாளும் கொத்தனாரும் ஓரிடத்தில் நிலையாக வேலை செய்வதில்லை. அவர்களைச் சங்கமாக்கவே முடியாது என்றார்கள். தமிழ்நாட்டுச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் விளைவாக 1994-இல் இங்கே நலவாரியம் வந்தது. 1996-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீதத்தை நலவரியாகச் செலுத்துவது கட்டாயமானது. அதன் பிறகு ஆட்சிகள் மாறின, ஆட்சியர்கள் மாறினார்கள், வாரியம் நிற்கிறது. குறைகள் அதிலும் உண்டு. ஆனால் உரிமைத்தொகையைக் கேட்டுப் பெறச் சட்டம் இருக்கிறது. கொடையாக வந்ததற்கும் அமைப்பாகத் திரண்டு வென்றதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தொழிற்சங்கம் வலுத்தால் முதலீடு ஓடிவிடும் என்பது வழக்கமான மறுப்பு. அதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. தொழிலாளர் சார்பான சட்டத் திருத்தங்கள் செய்த மாநிலங்களில் ஆலை உற்பத்தியும் வேலையும் குறைந்தன என்று பொருளியலாளர்கள் டிமோத்தி பெஸ்லியும் ராபின் பர்ஜஸும் 2004-இல் எழுதினார்கள். ஆனால் அவர்கள் சட்டத் திருத்தங்களை வகைப்படுத்திய முறையே கோளாறானது என்று பொருளியலாளர் ஆதித்ய பட்டாச்சார்ஜியா விரிவாக மறுத்திருக்கிறார். 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய தமிழ்நாடுதான் இன்று ஆலைகளின் எண்ணிக்கையிலும் ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கையிலும் நாட்டில் முதலிடத்தில் இருக்கிறது. சங்கங்களால்தான் ஆலைகள் வந்தன என்பது இதற்குப் பொருளல்ல. சாலை, மின்சாரம், கல்வி எனக் காரணங்கள் பல. சங்கம் இருக்கும் மண்ணில் ஆலை முளைக்காது என்ற வாதம் நிற்காது என்பது மட்டும் தெளிவு. ஜெர்மனியில் 2009-இல் பொருளாதாரம் சுமார் ஐந்து சதவீதம் சுருங்கியபோதும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. ஆட்குறைப்புக்குப் பதிலாக வேலைநேரத்தைக் குறைப்பதென்று சங்கங்களும் நிர்வாகங்களும் உடன்பட்டதும், அரசு அந்த ஏற்பாட்டுக்குப் பணம் கொடுத்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பம்பாய் பஞ்சாலைகளைச் சிலர் நினைவூட்டலாம். 1982-இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் பெருந்தொகையானோர் வேலையிழந்தார்கள். அந்தத் துயரத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் தொழிலாளர்கள் நம்பிக்கை இழந்திருந்த சங்கத்தையே அங்கே சட்டம் அங்கீகரித்து வைத்திருந்தது. அவர்கள் விரும்பிய தலைமையோடு பேச நிர்வாகத்துக்குக் கட்டாயம் இல்லை. ஆலைகளும் நெடுங்காலம் நவீனமாக்கப்படாமல் கிடந்தன. பேச்சுக்கு வழி அடைபட்டால் போராட்டம் எல்லை மீறும் என்பதே அதிலிருந்து கற்க வேண்டியது.

சங்கங்கள் மீது வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது: நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமே அவை குடைபிடிக்கின்றன என்பது. நாட்டின் ஆலைத் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள். நம் மாவட்டத்தின் விராலிமலையிலும் மாத்தூரிலும் ஆலைக்குப் போகும் இளைஞர்களையும் பெண்களையும், குவாரியில் இன்னும் கல் உடைப்பவர்களையும் உறுப்பினர்களாக்காத சங்கம், வேலைவாய்ப்பு வளர்ச்சியில் தனக்குப் பங்கு உண்டென்று உரிமை கோர முடியாது. அதே நேரம் அரசின் பாதையும் திருத்தப்பட வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, அரசின் அனுமதியில்லாமல் ஆட்குறைப்பு செய்வதற்கான வரம்பை நூறு தொழிலாளர்களிலிருந்து முந்நூறாக உயர்த்தியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இதனால் பெருமளவில் பாதிக்கப்படுவது நம் மாவட்டத்தில் உள்ளவற்றைப் போன்ற சிறு, நடுத்தர ஆலைகளின் தொழிலாளர்கள்தான்.

புதிய ஆலைக்கு நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் தரும் அரசு, அதற்கு ஈடாகத் தொழிலாளர் சங்கத்தைப் பதிவு செய்யத் தடையில்லை, ஒப்பந்தத் தொழிலாளியும் பேச்சுவார்த்தையில் இடம்பெறுவார் என்ற இரண்டு நிபந்தனைகளை விதிக்கட்டும். குவாரி குத்தகையில் அங்கு உழைப்போரின் கூட்டமைப்புகளுக்கு முன்னுரிமையைச் சட்டமாகவே எழுதட்டும். எத்தனை பேருக்கு வேலை தந்தோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் அரசுகள், அவர்களில் எத்தனை பேருக்குத் தம் கூலியைப் பேசித் தீர்க்கும் உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.