கல்லிற் சிங்கமும் சிறைக் கதவும்

1936 இல் ஸ்பானியக் குடியரசுக்கு எதிராகப் பிராங்கோ முதலான தளபதிகள் கிளர்ந்தெழுந்தபோது, ஹிட்லரும் முசோலினியும் அவர்களுக்குப் படையும் விமானமும் அனுப்பினர். குடியரசைக் காக்கப் பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் திரண்டனர். சுவிற்சர்லாந்திலிருந்து சென்றோர் ஏறத்தாழ 800 பேர்; பெரும்பாலோர் தொழிலாளர். அவர்களுள் சுமார் 170 பேர் அம்மண்ணிலேயே மடிந்தனர். மீண்டோருட் பெரும்பாலோரைத் தாயகம் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பியது. பலரின் குடியியல் உரிமைகளையும் பறித்தது. பொதுமன்னிப்புக் கோரிக்கையை 1939 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. அவ்வாண்டு பெப்ரவரியிலேயே பிராங்கோவின் ஆட்சிக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது.

நடுநிலை நாட்டின் குடிமகன் அந்நியப் படையிற் சேர்வது சட்டவிரோதம் என்பர். அவ்வாறு தடைசெய்ய அரசுக்கு உரிமையுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், அச்சட்டத்தை அறத்தின் குரலாகக் காட்டுவோர் லூசேர்ன் நகருக்குச் சென்று பார்க்கட்டும். 1792 இல் பாரிசில் பிரெஞ்சு மன்னனைக் காத்து மாண்ட சுவிஸ் கூலிப்படையினருக்காக அங்கே பாறையிற் குடையப்பட்ட சிங்கம் ஒன்று உண்டு. 1821 இல் திறக்கப்பட்ட அச்சின்னம் இன்றும் போற்றப்படுகிறது. அந்நிய மன்னனுக்காக ஒப்பந்தப்படி உயிர்விட்டவனுக்குச் சிங்கம். மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுக்காக மனச்சாட்சியின்படி சென்றவனுக்குச் சிறை! அந்நிய மண்ணிற் போரிட்டமையா குற்றம்? அன்று, எவர் பக்கம் நின்று போரிட்டான் என்பதே குற்றமாயிற்று.

நாசிகளிடமிருந்து தப்பியோடிய அகதிகளுக்கு உதவித் தண்டனை பெற்றோரின் களங்கத்தை 2004 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் துடைத்தது. ஸ்பெயின் தொண்டர்களோ அதிற் சேர்க்கப்படவில்லை. அவர்கள் காத்த நாடு, எஞ்சியிருந்த சர்வதேசப் படையணியினருக்கு 1996 இலேயே குடியுரிமை வழங்க முன்வந்தது. பெற்ற நாடு அத்தீர்ப்புகளை நீக்கியது 2009 இல். அப்போது உயிரோடிருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. நட்டஈடு கோரும் உரிமை கிடையாதென்பதையும் அச்சட்டம் மறவாது குறித்துக்கொண்டது.

தாமதமாயினும் நீதி நீதியே எனச் சிலர் அமைதி கொள்ளலாம். அந்நீதியால் நலம் பெற்றவர் யாவர்? வேலையிழந்து, அயலவரின் ஐயத்துக்கு ஆளாகி மறைந்தவர்கள் அல்லர். செலவின்றித் தன் மனச்சாட்சியைத் துலக்கிக்கொண்ட அரசே. மாண்டோருக்கு மாலை சூட்டுதல் எளிது. அவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஒரு நாட்டின் நேர்மையை அது எழுப்பும் நினைவுச்சின்னங்கள் காட்டமாட்டா. போர்க்களத்திலிருந்து மீண்டவன் கதவைத் தட்டும் நாளில், அவனை அது வரவேற்கும் முறையே காட்டும்.