வெறுப்புக்கு ஏன் வாக்களித்தார்கள்?

ஹிட்லருக்கு வாக்களித்த ஜெர்மானியர்களைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் படிக்கும் நம் பிள்ளைகள், இவ்வளவு கற்றறிந்த மக்கள் எப்படி அதைச் செய்தார்கள் என்று கேட்கிறார்கள். விடை தேடி நாம் பெர்லின் வரை போக வேண்டியதில்லை. நம் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் உள்ள டான்டீ தோட்டக் குடியிருப்புகளுக்குப் போனால் போதும். அங்கு வாழும் குடும்பங்களை ஊரார் இன்றும் ‘சிலோன்காரர்கள்’ என்றே அழைக்கிறார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அத்தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது போரன்று, பஞ்சமும் அன்று. நாடாளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறிய சட்டங்கள்.

1947-இல் நடந்த இலங்கைத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் அவ்வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களிடம் சான்றுக்கு எங்கே போவது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. (பிறப்புச் சான்று கேட்கும் சட்டத்தைப் பற்றிப் படிக்கையில் நம் வீடுகளில் என்ன பேச்சு எழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.) இதில் ஒரு விந்தையும் உண்டு. தொகுதிகளை வகுக்கும்போது இந்த மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அதனால் கிடைத்த கூடுதல் இடங்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ அவர்களைச் சூழ்ந்திருந்த கண்டிச் சிங்கள வாக்காளர்கள்.

இதை ஆதரித்த சிங்கள மக்களை அரக்கர்கள் என்று ஒதுக்கிவிடலாம். அது எளிது; ஆனால் நீதியன்று. பகை கொண்டவரிடத்தும் நீதி தவறக்கூடாது என்றுதானே மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. கண்டி விவசாயியின் குறை மெய்யானது. 1840-ஆம் ஆண்டின் அரசு நிலச் சட்டத்துக்குப் பின், அவன் முன்னோர் ஆண்டு அனுபவித்த காடும் மேட்டுநிலமும் காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயின. ஆனால் எடுத்தவன் வெள்ளைத் துரை. அவன் கையெட்டாத உயரத்தில் இருந்தான். பக்கத்து லயத்தில் கூலிக்காரன் இருந்தான். குறை மெய்யாகவும் குற்றவாளி பொய்யாகவும் இருக்கும்போதுதான் தீவிர அரசியல் விலைபோகிறது என்பதே நம் கருத்து. வெறும் பொய்க்கு அத்தனை வாக்குகள் விழா.

1956-லும் அதுவே நடந்தது. ஆங்கிலம் தெரிந்த சிறு கூட்டமே அரசுப் பதவிகளை ஆண்ட நாட்டில், சிங்களத்தில் படித்த ஆசிரியரும் நாட்டு வைத்தியரும் பிக்குவும் புறந்தள்ளப்பட்டிருந்தனர். 24 மணி நேரத்தில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்குவதாக பண்டாரநாயக்க வாக்களித்தார். ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியும் அச்சத்தில் களனி மாநாட்டில் அதே முழக்கத்தைக் கடன் வாங்கியது. பண்டாரநாயக்கவின் கூட்டணி 51 இடங்களை வென்றது. ஆளும் கட்சிக்குக் கிடைத்தவை 8. பின்னர் தமிழர்களோடு அவர் உடன்பாடு காண முயன்றபோது, அவரை ஏற்றிவிட்ட பிக்குகளின் எதிர்ப்பே 1958-இல் அதைக் கிழித்தெறிய வைத்தது. 1959-இல் ஒரு பிக்குவே அவரைச் சுட்டுக் கொன்றார்.

ஜெர்மனியின் கதையும் இந்தச் சாயலில்தான் நகர்ந்தது. 1928-இல் நாஜிக் கட்சிக்கு விழுந்தவை 2.6 விழுக்காடு வாக்குகள் மட்டுமே. உலகப் பொருளாதார மந்தம் வந்து சுமார் 60 லட்சம் பேர் வேலையிழந்த 1932-இல், ஜூலைத் தேர்தலில் அது 37.3 ஆயிற்று. 1923-இன் பணவீக்கத்தில் சேமிப்பு கரைந்தவர்களுக்கும் கடை மூடியவர்களுக்கும் மக்கள்தொகையில் 1 விழுக்காடுகூட இல்லாத யூதர்கள் காரணமாகக் காட்டப்பட்டார்கள். பெரும்பான்மை அவனுக்கு அப்போதும் கிட்டவில்லை. மற்றவர்கள் பிரிந்து நின்றதும், அவனை அடக்கி ஆளலாம் என்று மேட்டுக்குடியினர் கணக்குப் போட்டதும் போதுமானவையாக இருந்தன.

அத்தகைய கணக்கை இலங்கையில் மற்றவர்களும் போட்டார்கள். ஜி.ஜி. பொன்னம்பலம் 1948-இல் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். முஸ்லிம் தலைவரான டி.பி. ஜாயாவும் அந்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். 1949-இன் சட்டத்துக்கு ‘இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்’ என்றே பெயர்; வணிகத்துக்காகச் சென்ற நம் கடற்கரை ஊர்க்காரர்களும் அதற்குள் அடங்கினர். கூலிக்காரரின் வழக்கு என்று விலகி நின்ற யாழ்ப்பாணத்தின் வாசலுக்கு 1956-இல் மொழிச் சட்டம் வந்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. 2020-இல் கொரோனாவில் இறந்த நம் மக்களின் ஜனாஸாக்கள் தகனம் செய்யப்பட்டன.

தோட்டத் தொழிலாளரின் கணக்கு 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் முடிக்கப்பட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பதென்று ஒத்திவைத்தார்கள். அங்கே நாடற்றவராய் எஞ்சியவர்களுக்கு வழி திறக்க 2003-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்டதே இல்லை. கொழுந்து பறிக்கத் தெரிந்திருந்ததால் அவர்களில் ஒரு பகுதியினரை அரசு நீலகிரிக்கு அனுப்பியது.