பிரான்சிஸ் டேயும் பெயரற்ற பரதவரும்

பிரான்சிஸ் டே நம் மீன்களைக் 'கண்டுபிடித்தார்' என்று எவரேனும் எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூள்கிறது. 1852இல் சென்னை மாகாணப் படையில் மருத்துவராகச் சேர்ந்த ஆங்கிலேயர் அவர். அவருடைய உழைப்பை நான் மறுக்கவில்லை. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'இந்தியாவின் மீன்கள்' இன்றும் மீனியலாளர் புரட்டும் நூல். லண்டன் அருங்காட்சியகத்து ஆல்பர்ட் குந்தரோடு பூசல் கொண்டிருந்தவர், 1883இல் தம் சேகரிப்பில் ஒரு பங்கைச் சிட்னிக்கு விற்றார். (அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.)

ஆனால் அந்நூலில் பல மீன்களுக்கு லத்தீன் பெயரையடுத்து உள்நாட்டுப் பெயர்களும் நிற்கின்றன. நம் விராலும் கொடுவாவும் ஆங்கில எழுத்தில் ஒலி சிதைந்து கிடக்கின்றன. ஏதோ ஒரு கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் அவை எங்கிருந்து வந்திருக்கும்? ஒரு மீனை இன்னொன்றிலிருந்து பிரித்தறிந்து பெயரிடுவதுதானே வகைப்பாட்டியல்? சொன்னவர் பெயர் மட்டும் இல்லை.

இதற்காக டேயை வைதுவிட்டு நாம் நழுவ முடியாது. அவராவது கேட்டு எழுதினார். நெய்தல் திணைக்கு உரை சொல்லும் தமிழ்த்துறையினரில், என்னையும் சேர்த்துத்தான், எத்தனை பேர் மீன் இறங்கும் துறையில் போய் நின்றிருக்கிறோம்? நம் அகராதிகளோ பல பெயர்களுக்கு 'மீன்வகை' என்று எழுதிக் கையைக் கழுவிவிடுகின்றன. டேயிடம் படமேனும் இருக்கிறது.

முதுகலை மாணவர்களிடம் இப்பெயர்களை ஆய்வுத் தலைப்பாக ஆண்டுதோறும் சொல்லிப் பார்க்கிறேன். "அது விலங்கியல், ஐயா" என்கிறார்கள்.