குறட்டை, குழாய், கொஞ்சம் கரண்ட்

"புள்ள நல்லா அசந்து தூங்குது பாரு, கொறட்டையே வுடுது." நம்ம ஊர்ப்பக்கம் இதைவிட அபத்தமான பாராட்டு வேற இருக்கான்னு தெரியலை. கடலூர்ல எங்க வீட்டுல எனக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் இந்தப் பாராட்டு கிடைச்சுக்கிட்டே இருந்துச்சு. காலையில எழுந்தா தலை பாரமா இருக்கும், மத்தியானம் ஆபீஸ் மீட்டிங்ல கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவேன். "ராத்திரி பூரா கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான்"னு அதுக்கு ஒரு அர்ச்சனை தனியா நடக்கும். ஆணி புடுங்குறவன் தூங்கி வழியறது பொதுவான வியாதிதானேன்னு யாரும் கண்டுக்கலை.

விஷயம் என்னன்னா, தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைச்சுக்குது. மூச்சு நிக்குது, ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது, மூளை பதறிப்போய் லேசா எழுப்பிவிடுது, கர்ர்ருன்னு ஒரு சத்தத்தோட மூச்சு திரும்புது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. யாரோ ராத்திரி பூரா கழுத்தை நெரிச்சு நெரிச்சு விடுற மாதிரி. பேரு ஸ்லீப் ஆப்னியா. 2022 பிப்ரவரியில பப்பி லஹிரி மும்பையில இறந்தப்போ டாக்டர்கள் சொன்ன காரணத்துல இந்தப் பேரும் இருந்துச்சு. நம்மாளுங்க பலபேர் முதல்முறையா கேள்விப்பட்டது அப்பத்தான். டெல்லி எய்ம்ஸ் ஆட்கள் 2023-ல பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து, இந்தியாவுல சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம்னு கணக்கு போட்டாங்க.

ஒரு மணி நேரத்துல சராசரியா எத்தனை தடவை மூச்சு நிக்குது அல்லது குறையுதுங்கறதுதான் இதுக்கு மார்க். 5-க்குக் கீழே இருந்தா பிரச்சனை இல்லை, 30-ஐத் தாண்டினா தீவிரம். நான் 38 எடுத்து டிஸ்டிங்ஷன்ல பாஸ் :-) அதாவது ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. இத்தனைக்கும் எடை 71 கிலோதான். குண்டா இருக்கறவங்களுக்குத்தான் வரும்னு நினைக்காதீங்க; தாடை சின்னதா, உள்வாங்கி இருந்தாலும் போதும்.

சரி, வைத்தியம்? சிபேப். ஒரு பொட்டி, ஒரு குழாய், மூக்குல மாட்ட ஒரு மாஸ்க். பொட்டி காத்தை ஊதி, அந்த அழுத்தத்துலயே தொண்டையைத் திறந்து வைக்கும். மருந்து கிடையாது, ஆக்சிஜன் சிலிண்டரும் கிடையாது, அறையில இருக்கற அதே காத்துதான். அழுத்தம் எவ்வளவுன்னா, ஒரு சொம்புத் தண்ணியில ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் விட்டு ஊதிப் பாருங்க. முட்டை கிளம்ப எவ்வளவு தம் வேணுமோ அவ்வளவு. என் பொட்டி ராத்திரி நிக்கிறது ஏறக்குறைய அங்கேதான். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1980-ல சிட்னியில முதல்முதலா இதைச் செஞ்சு பார்த்து, 1981-ல லான்செட் இதழ்ல எழுதினார். அதுக்கு முன்னாடி தீவிரமா இருக்கறவங்களுக்கு உருப்படியான வழி தொண்டையில ஓட்டை போடறதுதான். ஆரம்பகால பொட்டிகள்ல இருந்தது வாக்குவம் கிளீனர் மோட்டார். மாஸ்க்கை ராத்திரி ராத்திரி பசை போட்டு மூக்குல ஒட்டினாங்களாம். அவங்க பட்ட பாட்டை நினைச்சா நாம புலம்பவே கூடாது.

ஆனாலும் புலம்புவேன். என் புலம்பல் பொட்டியைப் பத்தி இல்லை, "பழகிடும்"ங்கற ஒரு வார்த்தையைப் பத்தி.

விக்கிறவர் சொல்றார் பழகிடும்னு. டாக்டர் சொல்றார். வீட்டுல சொல்றாங்க. கண்ணாடி போட்டா பழகலையா, அது மாதிரின்னு உதாரணம் வேற. கண்ணாடிக்கடையில பவர் தப்பா கொடுத்துட்டு பழகிடும்னு சொன்னா சும்மா விடுவோமா? மூக்குக்குப் பொருந்தாத மாஸ்க் நாப்பது நாள் மாட்டினாலும் பழகாது. புண்ணுதான் ஆகும்.

சிதம்பரம் தெற்கு வீதியில இருக்கற எங்க மாமா கதை இதுதான். வயசு 56. மாவட்டத்தோட அரசு மருத்துவக் கல்லூரி அவருக்கு ஆட்டோ தூரம்தான் (பேரு கடலூர், இருக்கறது அண்ணாமலை நகர். பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல அரசு எடுத்துக்கிச்சு). ஆனா பொட்டியை வித்தது வெளியூர்க் கம்பெனி ஒண்ணு. ஆள் வந்தார், பிளக்கைச் சொருகினார், ஸ்விட்ச் எதுன்னு காட்டினார், "பழகிடும் சார்", பத்து நிமிஷத்துல எஸ்கேப். கொடுத்துட்டுப் போனது வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுற பெரிய சைஸ் மாஸ்க். மாமாவுக்கு முகம் சின்னது, மீசை பெரிசு. மீசை வழியா காத்து ஒழுகும், கண்ணுல அடிக்கும். ஒழுகுதேன்னு வாரை இறுக்குவார். இறுக்கினா இன்னும் மோசம்: அந்த சிலிக்கான் விளிம்பு கொஞ்சம் உப்பினாத்தான் தோலோட ஒட்டி உட்காரும், அமுக்கிட்டா மடங்கி வேற பக்கம் ஒழுகும். ஒரு வாரத்துல மூக்குத்தண்டுல புண்ணு. பத்தாம் நாள் பொட்டி பரண்ல, பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்துல.

"எனக்கு மனக்கட்டுப்பாடு பத்தலை மாப்ளே"ன்னார் மாமா. அதைக் கேட்டப்பத்தான் எனக்குக் கோவமே வந்துச்சு. சாஃப்ட்வேர்ல பக்கை வச்சுக்கிட்டு, "யூசருக்கு உபயோகிக்கத் தெரியலை"ன்னு டிக்கெட்டை மூடுற மேனேஜர்களைப் பார்த்திருக்கேன். இங்கே யூசரே தன்மேல பழியைப் போட்டு டிக்கெட்டை மூடிக்கறார்.

மூக்கோட நிக்கற சின்ன மாஸ்க் மாத்தினார் (அதுக்கே ஆயிரக்கணக்குல ஆச்சு). தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கறதைக் காலையில மாத்தினார். எண்ணெய் பட்டா வாரும் வழுக்கும், சிலிக்கானும் சீக்கிரம் கெடும். மத்தியானம் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் முழிச்சுக்கிட்டே மாட்டி உட்காரச் சொன்னேன். மூச்சு முட்டுற பயம் அப்படித்தான் போகும். அழுத்தம் கம்மியில ஆரம்பிச்சு மெல்ல ஏறுற ரேம்ப்னு ஒரு வசதி அவர் பொட்டியிலேயே இருந்துச்சு. யாரும் ஆன் பண்ணிக் கொடுக்கலை, அவ்வளவுதான். இப்போ நாலு, அஞ்சு மணி நேரம் மாட்டறார். விடிகாலையில கழட்டிடறார். அதுவே பெரிய விஷயம். அத்தை ஹால்ல இருந்து ரூமுக்குத் திரும்பிட்டாங்க.

இன்னொரு கூத்து, ஈரம். காத்தை ஈரமாக்க பொட்டிக்குள்ள ஒரு தண்ணித்தொட்டி உண்டு. கடலூர் உப்புத்தண்ணியை அதுல ஊத்தினா நாலு நாள்ல வெள்ளையா படியும். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊத்தணும், அதுவும் பேட்டரிக் கடையில வாங்காம மருந்துக்கடையில கேட்டு வாங்குங்க. கடற்கரை ஊர்ல ஃபேன் மட்டும் போட்டுத் தூங்கறவங்களுக்குப் பல நாள் இந்த ஈரமே தேவைப்படாது. ஏசி போட்டாலோ, மார்கழி வந்தாலோ குழாய்க்குள்ள காத்து குளிர்ந்து தண்ணியாகி, மூணு மணிக்கு மூக்குல சொளக்குன்னு அபிஷேகம் நடக்கும். குழாயைப் போர்வைக்குள்ள விட்டுக்கிட்டா சரியாப் போகும். மேனுவல்ல எல்லாம் இருக்கு. ஆனா யார் படிக்கறா?

அமெரிக்காவுல மூத்தவங்களுக்கான மெடிகேர் இன்ஷூரன்ஸ்ல ஒரு விதி இருக்கு. முதல் மூணு மாசத்துக்குள்ள, தொடர்ச்சியா ஒரு முப்பது நாள்ல, நூத்துக்கு எழுபது ராத்திரியாவது நாலு மணி நேரம் மாட்டியிருக்கணும். இல்லைன்னா பொட்டிக்குப் பணம் கிடையாது. பொட்டியே வேவு பார்த்துச் சொல்லிடும். கொடுமையான விதிதான், ஆனா அங்கே யாரோ ஒருத்தர் பார்க்கறாங்க. இங்கே மாமாவோட பொட்டி பரண்ல எட்டு மாசம் கிடந்தது ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

என் ஆசை சின்னது. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கறதுக்காக 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல, வயித்து வழியா டயாலிசிஸ் செய்யறவங்களுக்குப் பை கூட வீட்டுக்கே வருது. இலவசமா பொட்டி கொடுங்கன்னு நான் கேக்கலை (கொடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறோம்?). மாத்திரை கொடுக்க வர்றவங்க ரெண்டே கேள்வி கேட்டாப் போதும். எத்தனை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காத ஆளைப் பார்த்து, "குறட்டை வருமா?" ஏற்கெனவே பொட்டி வச்சிருக்கறவரைப் பார்த்து, "மாஸ்க் எங்கே ஒழுகுது, காட்டுங்க." அடங்காத பிரஷருக்குப் பின்னாடி பல நேரம் இந்தக் குறட்டைதான் ஒளிஞ்சிருக்குங்கறது டாக்டர்களுக்குத் தெரிஞ்ச சங்கதி. கடலூர்-சிதம்பரம் ரோட்டுல பறக்கற பஸ் டிரைவர்களையும் கேட்டா எனக்கு இன்னும் நிம்மதி.

அப்புறம் கரண்ட். நெய்வேலி இருக்கற மாவட்டத்துல இருந்துக்கிட்டு கரண்டைப் பத்திக் கவலைப்படறதே காமெடிதான். ஆனா 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவன் யாரும் சிரிக்க மாட்டான். அப்போ நான் ஸ்கூல் பையன். கிராமங்கள்ல வாரக்கணக்குல இருட்டு. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல், அதுக்குப் பின்னாடியே தென்பெண்ணை வெள்ளம். இந்த ஊர்ல பொட்டி வாங்கறவன் இன்வெர்ட்டரையும் சேர்த்து யோசிக்கணும். ஈரமாக்குற சூட்டை நிறுத்திட்டா பொட்டி தின்னுற கரண்ட் ரொம்பக் கம்மி, இன்வெர்ட்டர் ராத்திரி பூரா தாங்கும். பழைய பொட்டியைச் சல்லிசா வாங்கலாம்னு இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க: சத்தம் அடக்குற பஞ்சு உதிருதுன்னு 2021 ஜூன்ல பிலிப்ஸ் தன்னோட பொட்டிகளை உலகம் பூரா லட்சக்கணக்குல திரும்ப அழைச்சது. மாடலைப் பார்க்காம காசைக் கொடுக்காதீங்க.

கடைசியா எங்க அம்மாவோட கட்சி. "கல்யாணம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே"ங்கறாங்க (வார்த்தையைக் கவனிச்சீங்களா!). சொந்தக்காரங்க வந்தா பொட்டி கட்டிலுக்கு அடியில போயிடுது. அவங்க பயம் எனக்குப் புரியுது; சோடாபுட்டி கண்ணாடியோட போட்டோ கொடுக்கலாம், மூக்குக்குழாயோட கொடுக்க முடியாது. ஆனா தினம் ராத்திரி பக்கத்துல படுக்கப் போற பொண்ணுகிட்ட எத்தனை நாள் மறைக்கறது? மறைக்கணும்னா மாட்டாம இருக்கணும். மாட்டாம இருந்தா 38. இந்தக் கணக்கைத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அப்பா நடுவுல வந்து, "சொல்லிட்டே பேசலாம்டா"ன்னுட்டார்.

போன வாரம் வடலூர்ப் பக்கத்துல இருந்து ஒரு ஜாதகம் வந்துச்சு. போன்லயே சொல்லிட்டோம். எதிர்முனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பொண்ணோட அப்பா, அந்த மெஷின் எங்கே வாங்கினீங்க, விலை என்னன்னு கேட்டார். தனக்காகவாம்.