டயப்பர் ராஷ்: க்ரீம் இருக்கு, மாற்ற நேரம் இருக்கா?

குழந்தையின் தொடையிடுக்கு சிவந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘அம்மா சரியா கவனிக்கலையா?’ உண்மையில் காரணம் ஈரம். சிறுநீரும் மலமும் நெடுநேரம் பட்டிருந்தால் தோல் ஊறி, உரசிப் புண்ணாகும்.

என்ன செய்யலாம்?

• 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை டயப்பரை மாற்றுங்கள். மலம் போனால் உடனே.
• வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றியெடுங்கள். தேய்க்காதீர்கள்.
• தினமும் கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் விடுங்கள்.
• சிவந்த இடத்தில் ஜிங்க் ஆக்சைடு க்ரீமைத் தடிமனாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும்.
• ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களாகவே மெடிக்கலில் வாங்காதீர்கள்.
• 2, 3 நாளில் குறையாவிட்டால், சீழ் அல்லது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, மாற்றுவது யார்?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை பார்க்கிறார்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது முடியும் நேரத்தில்தான் குழந்தை திட உணவு சாப்பிடத் தொடங்கும். மலத்தின் தன்மை மாறி ராஷ் வரும் வாய்ப்பும் கூடும்.

50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றது 2017 சட்டத் திருத்தம். 8 மணி நேர ஷிஃப்ட்டில் 4 முறை என்றால், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. டயப்பர் மாற்றும் கணக்கும் அதேதான்!

ஆகவே, காப்பகம் இருக்கா என்று மட்டும் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பார்த்தால் போதாது. டார்கெட் ஓடும்போதும் அம்மாவை எழுந்து போக விடுறாங்களா என்றும் கேட்க வேண்டும்.