பேட்டரி கடிகாரம்னா இளக்காரமா?

டிஸ்ஸோவின் பி.ஆர்.எக்ஸ் கைக்கடிகாரம் 2021-ல் மறுபிறவி எடுத்தது. அன்றிலிருந்து கடிகாரப் பிரியர்கள் பலர் புதுசாக வாங்க வருபவனிடம் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: "ஆட்டோமேட்டிக் வாங்கு, குவார்ட்ஸ் வேஸ்ட்."

இதில் என்ன கூத்து என்றால், 1978-ல் வந்த அசல் பி.ஆர்.எக்ஸே குவார்ட்ஸ்தான்! பெயரிலேயே இருக்கிறது: 'பி' துல்லியம், 'ஆர்' உறுதி, 'எக்ஸ்' ரோமன் பத்து (பத்து அட்மாஸ்ஃபியர் நீரழுத்தம் தாங்குமாம்). துல்லியத்துக்காகப் பெயர் வாங்கிய கடிகாரத்தின் "பாரம்பரியத்தை" மெச்சிக்கொண்டே, அந்தத் துல்லியத்தைக் கொடுத்த பேட்டரியை மட்டம் தட்டுவது என்ன நியாயம்?

சரி, காசுக்கு வருவோம். அமெரிக்காவில் அறிமுகமானபோது குவார்ட்ஸ் 375 டாலர், ஆட்டோமேட்டிக் 650. சஃபையர் கண்ணாடி இரண்டிலும் உண்டு, தண்ணீர் தாங்குவதும் ஒன்றுதான். குவார்ட்ஸ் மாசத்துக்குச் சில நொடிகள் தப்பும். ஆட்டோமேட்டிக் தினமும் சில நொடிகள் தப்பும். கழற்றி வைத்தால் 80 மணி நேரத்தில் நின்றும் போகும். சக்கரம் சுழல்வதைக் கண்ணாடி வழியே பார்ப்பது சுகம்தான், அதற்குக் காசு கொடுப்பவரைக் குறை சொல்ல முடியாது. ரசனை! ஆனால் அந்தக் கட்டம் போட்ட டயல்? அது ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972-ல் வந்த ராயல் ஓக்கின் சாயல். ஆக, 1978-ஐ வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு 1972-ஐ ஆசைப்படுகிறார்கள். :)

குவார்ட்ஸ் மீதான கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்கத் தொடங்கியது. அடுத்த பதினைந்து வருடங்களில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அந்த வலி நிஜம். ஆனால் அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு எதற்கு? 1983-ல் வந்த ஸ்வாட்ச் என்ற பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு! இன்று டிஸ்ஸோவின் தாய் நிறுவனத்துக்கே அதன் பெயர்தான், ஸ்வாட்ச் குரூப். சோறு போட்டவனையே திண்ணையில் உட்கார வைக்கிறார்கள்.

திட்டியே ஆக வேண்டுமென்றால் பட்டையைத் திட்டட்டும். கேஸோடு ஒட்டிப் பிறந்த பட்டை அது. 40 மில்லிமீட்டர் மாடலில் பட்டை மாட்டும் இடம் வெறும் 12 மில்லிமீட்டர். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணப் பட்டை எதுவும் சேராது. பழசு தேய்ந்தால் இதற்கென்றே செய்ததைத்தான் தேட வேண்டும். 375 கொடுத்தவனுக்கும் அதே கதி, 650 கொடுத்தவனுக்கும் அதே கதி.