அளந்து பார்த்து வாங்குவோம்

விதைநெல் வாங்கினால் நாம் அதை நேரே வயலில் கொட்டுவதில்லை. நூறு மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பின்னரே விதைக்கிறோம். பிழைத்தால் ஒரு போகமே போய்விடும் என்று எமக்குத் தெரியும். சந்தையில் விற்கப்படும் மலிவான எம்பி3 பிளேயர்களை வாங்கும்போதும் இதே பழக்கம் எமக்கு வேண்டும்.

எனது அயலில் வாழும் அக்கா ஒருவரின் குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. தோட்டக்காணியின் எல்லைகள் எவை, கிணறு எங்கே, எந்த வேலி யாருடைய பங்கு என்று அவருடைய தகப்பனார் இறப்பதற்கு முன் சொன்னவற்றை அவர் போனில் பதிவு செய்திருந்தார். பின்னர் ‘64 ஜிபி’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்த பிளேயர் ஒன்றில் அதை ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டார். பிள்ளைகள் அதில் பாட்டுக்களை நிரப்பினார்கள். ஒருநாள் தகப்பனாரின் குரலைப் போட்டால், பட்டியலில் பெயர் இருக்கிறது, குரல் இல்லை.

பரிசோதித்தபோது உள்ளே இருந்தது 8 ஜிபி மட்டுமே. கணினி கேட்டால் 64 என்று பொய் சொல்லும்படி அதன் சில்லை மாற்றியிருந்தார்கள். அடிப்பலகையை உயர்த்திய கொத்தால் நெல் அளப்பதைப் போன்றது இது. உண்மையான இடம் நிரம்பியதும் சில கருவிகள் புதியவற்றைச் சேமிக்காமல் விடும். வேறு சில, பழையவற்றின் மேலேயே எழுதிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

ஆகவே, வாங்கியவுடன் சோதியுங்கள். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று சாதாரண தரத்தில் ஏறக்குறைய 4 எம்பி பிடிக்கும். 1 ஜிபியில் சுமார் 250 பாட்டுக்கள் அடங்கும். கருவியை நிரப்பி, முதலிலும் நடுவிலும் கடைசியிலும் உள்ளவற்றைப் போட்டுக் கேளுங்கள். கணினி உள்ளவர்களிடம் கொடுத்தால் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளால் முழுவதையும் சோதித்துத் தருவார்கள். 64 ஜிபி என்பது கணினியில் 59 அல்லது 60 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கணக்கிடும் முறையால் வரும் வித்தியாசம் அது.

“மலிவாக வாங்கினால் இப்படித்தான்” என்று சிலர் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். விலை குறைந்த பொருளின் தரம் குறையலாம். அளவில் பொய் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும். வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். முதலில் கடைக்காரரிடமே பேசுங்கள். அவரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால், அதே பெட்டி அடுத்த வீட்டுக்கும் போகும்.

பாட்டுப் போனால் திரும்ப ஏற்றலாம். இறந்தவரின் குரலை எந்தக் கடையில் வாங்குவது? பல தடவை இடம்பெயர்ந்த எம்மிடம் காணி உறுதியின் படமும் பெரியவர்களின் பேச்சும் இத்தகைய கருவிகளில்தான் இருக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இரண்டாவது பிரதி ஒன்றை எடுத்து, அது பேசுகிறதா என்று கேட்ட பின்னரே முதலாவதை அழியுங்கள். விதைநெல் முழுவதையும் ஒரே கோர்க்காலியில் வைத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்குவதில்லை அல்லவா?